பொஸ்டெம் பதிவுகள்: இறக்கி வைத்துப் பார்க்க வேண்டிய சரக்கு

பெல்ஜியத்தின் பிரசல்ஸில் நடக்கும் பொஸ்டெம் (FOSDEM) என்ற திறந்த மூல மென்பொருள் மாநாட்டின் உரைகளைக் காசும் இல்லை, கணக்கும் திறக்கத் தேவையில்லை என்று இணையத்தில் விடுகிறார்கள். அறிவியல்நகரில் பொறியியல் படிப்பவருக்கும், புதுக்குடியிருப்பில் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் இதைவிட மலிவான பாடம் கிடைக்காது.

அண்மைய ஆண்டுகளின் உரைப் பக்கங்களில் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வீடியோ கோப்புகள் இருக்கும்: ஏவி1 (AV1), எம்பி4 (MP4). ஏவி1 அளவில் சிறியது என்று ஆசைப்பட்டு இறக்கினால், பழைய லாப்டொப் திணறும். அதில் ஏவி1-ஐ விரிக்கும் வன்பொருள் இல்லை. முழுச் சுமையும் சிபியு தலையில் விழும், விசிறி கத்தும், படம் தடக்கும். அப்படியானவர்கள் எம்பி4-ஐ எடுங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் வீதமுள்ள ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ 450 மெகாபைட். இரவு டேட்டாவில் டபிள்யூகெட் (wget) என்ற இறக்கும் நிரலைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவையும் கொடுத்துவிட்டால், இடையில் கரண்ட் போனாலும் இறங்கியது வீணாகாது.

ஒலிதான் பெரிய குறை. சிறிய அறைகளில் கேள்வி கேட்பவருக்கு மைக் போகாததால், பதில் மட்டும் அந்தரத்தில் தொங்கும். சிலைடுகளையும் சேர்த்து இறக்குங்கள். திரையில் நிரல் எழுத்துகள் பொடியாகத்தான் தெரியும்.

கணினிப் பாதுகாப்புத் துறைக்கு, ஜெர்மனியின் ஹேக்கர் அமைப்பான கேயாஸ் கணினிக் கழகத்தின் (CCC) மாநாட்டுப் பதிவுகள் மேல். ஜெர்மன் கேட்டுப் பயப்பட வேண்டாம்: பல கோப்புகளில் ஆங்கில ஒலித்தடமும் உண்டு, விஎல்சி (VLC) பிளேயரில் மாற்றலாம். ஒலி மட்டும் தனியாகவும் கிடைக்கும், ஏ9 வீதியில் வவுனியாவுக்கு பஸ்ஸில் போகும்போது கேட்க அது போதும்.