காசு வித்தைக்கு எந்தக் காசு? இரண்டு ரூபாவும் அரை டொலரும், பல வருடப் பாவனைக்குப் பிறகு

காசு வித்தை பழக வருகிற தம்பிமார் முதலில் கேட்பது, "கென்னடி அரை டொலர் வாங்கத்தான் வேணுமா அண்ணன்?" என்றுதான். யூடியூப்பில் பாடம் எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் அந்த அமெரிக்கக் காசுதான் மின்னுகிறது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதையும் நம்முடைய பழைய இரண்டு ரூபாக் குற்றியையும் பல வருடமாக மாறி மாறிப் பாவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு ரூபா போதும். பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட அதுதான் நல்லது.

அரை டொலரின் குறுக்களவு 30.6 மில்லிமீற்றர், நம்முடையது 28.5. இந்த வித்தியாசம் கைக்குப் பெரிதாகத் தெரியாது, எடைதான் தெரியும். 11.34 கிராம் காசு உள்ளங்கையில் தானாக அமரும்; இரண்டு ரூபாவை நாம்தான் அமர்த்த வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. 2005க்கு முந்தியது செப்பு நிக்கல் கலவை, 8.25 கிராம். பிறகு வந்தது நிக்கல் பூசிய உருக்கு, 7 கிராம். காந்தத்தில் ஒட்டினால் புதியது. மூன்று நான்கு காசு கை மாறுகிற வித்தைகளில் சத்தமும் முக்கியம். பழையது கணீரென்று ஒலிக்கும். ஆகவே பழையதைத் தேடுங்கள். கடையில் மிச்சக் காசுக்கு டொஃபி தருகிற காலம் இது, வீட்டு உண்டியலைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் வழி.

பத்து ரூபாவுக்குப் பதினொரு பக்கம். விரல் மேல் உருட்டும்போது மூலைகள் தடக்கும். ஐந்து ரூபா தடிப்பு, ஆனால் சிறிது. சின்னப் பிள்ளைகள் பழகலாம்.

நம் ஊர்க் காலநிலையைப் பற்றி எந்தப் பாடத்திலும் சொல்வதில்லை. கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் கை வறண்டு, உள்ளங்கையில் பிடித்த காசு வழுக்கிவிடும். அப்போது கிளிசரின் ஒரு துளி தேய்த்துத் துடைத்துக்கொண்டால் நிற்கும். மாரி தொடங்கும் முன் வருகிற புழுக்கத்தில் நேர்மாறு: விட வேண்டிய நேரத்தில் காசு தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு சேருகிற மடிப்பில் வைப்பதே பாதுகாப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது, கண்ணில் தங்கிய பிம்பத்தை வைத்துச் செய்கிற மறைப்பு. வலது கை விரல் நுனியில் காசை வெளிச்சம் படப் பிடித்து, இடது உள்ளங்கையில் வைக்க வேண்டும். இடது விரல்கள் ஒவ்வொன்றாக மூடும்போது கடைசி மினுக்கம் பார்ப்பவர் கண்ணில் பதிகிறது. அந்த மூடலுக்குள்ளேயே வலது கை காசைத் திரும்ப எடுத்துவிடும். ஆனால் உங்கள் கண் வலது கைக்குப் போகவே கூடாது. காசு இடது கையில்தான் இருக்கிறது என்று நீங்கள் நம்பிப் பார்த்தால் அவரும் அங்கேயே பார்ப்பார். தேய்ந்து மங்கின குற்றியில் இந்த மினுக்கம் வராது, இதற்கென்று ஒன்றைத் துடைத்து வையுங்கள்.

இதையே அரை டொலரில் காட்டினால் பேச்சு திசை மாறிவிடும். "அதென்ன காசு மனே, இஞ்ச தா பாப்பம்" என்று கை நீட்டுவார்கள். காசில்தான் ஏதோ சூட்சுமம் என்ற எண்ணம் வந்தால் வித்தை பாதி போய்விட்டது. கல்லடிக் கடற்கரையில் கச்சான் கடலை விற்கும் ஐயாவிடம் அவருடைய குற்றியையே வாங்கிச் செய்தேன். தன் காசு மறைந்ததும் என் முகத்தை விட்டுவிட்டு என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறுகாலும் ஒருக்காக் காட்டு மனே" என்றார். அதே வித்தையை உடனே திருப்பிச் செய்வது சரியில்லை. அவர் காதுக்குப் பின்னால் இருந்து காசை எடுத்துக் கொடுத்தேன்.

பெரிய காசு மேடைக்கு உரியது. 1899இல் லண்டன் பலஸ் தியேட்டரில் காற்றிலிருந்து காசு பறித்துக் காட்டிய அமெரிக்க வித்தைக்காரர் நெல்சன் டவுன்ஸ், கடைசி வரிசைக்கும் தெரியச் செய்ய வேண்டியிருந்தது. தேத்தண்ணிக் கடை மேசையில் அந்தத் தேவை இல்லை. என் அரை டொலர்களை இப்போது பள்ளிக்கூட மண்டபம் மாதிரி இடங்களுக்குத்தான் கொண்டுபோகிறேன். சட்டைப் பையில் நாலு பழைய இரண்டு ரூபா எப்போதும் இருக்கும். காந்தத்தில் ஒட்டுகிற புதியது ஒன்றும் சேர்த்து வைத்திருக்கிறேன். அதன் உபயோகத்தை இங்கே சொல்லமாட்டேன்.