முகம் மறைத்த பிபிசி, கேள்வி கேட்ட ஐடிஎன்

1954 ஜூலை 5 அன்று பிபிசி தொலைக்காட்சியின் முதல் அன்றாடச் செய்தியறிக்கை ஒளிபரப்பானபோது, அதை வாசித்த ரிச்சர்ட் பேக்கரின் குரல் மட்டுமே நேயர்களுக்குக் கேட்டது. திரையில் நிழற்படங்களும் வரைபடங்களும் வந்துபோயின. வாசிப்பவரின் முகபாவம் செய்திக்குச் சாயம் பூசிவிடும் என்று நிர்வாகம் அஞ்சியது. செய்திப் பிரிவின் தலைவர் டாஹு ஹோல், ஒரே இடத்திலிருந்து வந்த தகவலை மட்டும் நம்பி எதையும் வெளியிட விடமாட்டார். வானொலியை அப்படியே படங்களோடு ஒட்டவைத்தது போலிருந்தது அந்த அறிக்கை.

1955 செப்டம்பர் 22 அன்று, விளம்பர வருவாயில் இயங்கிய தனியார் தொலைக்காட்சி வலையமைப்பான ஐடிவிக்காக, அதற்குச் செய்தி தயாரிக்கும் ஐடிஎன் நிறுவனம் களமிறங்கியது. முதல் அறிக்கையை வழங்கியவர், ரோஜர் பானிஸ்டர் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியபோது உடன் ஓடி வேகம் கொடுத்த கிறிஸ்டோபர் சாட்டவே. செய்தி வழங்குபவர் அதை எழுதுவதிலும் பங்கெடுக்க வேண்டும் என்பது ஆசிரியர் ஏடன் கிராலியின் கொள்கை. போட்டி வருவதை அறிந்த பிபிசி, அதே மாதத் தொடக்கத்தில் கென்னத் கெண்டலைத் திரையில் காட்டியது. ஆனால் அவர் பெயரைச் சொல்லவில்லை!

முகம் காட்டியதை இந்த இரண்டுக்கும் இடையிலான பெரிய வேறுபாடாகப் பலர் கருதுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சமே. தலைவர்களிடம் பணிவோடு ஒலிவாங்கியை நீட்டி, அவர்கள் சொன்னதைப் பெற்றுக்கொள்வதே பேட்டி என்றிருந்த காலத்தில், வழக்கறிஞராகப் பயின்ற ராபின் டே ஐடிஎன்னில் குறுக்கு விசாரணையின் கூர்மையைக் கொண்டுவந்தார். சூயஸ் போருக்குப் பின் பிரிட்டனுக்கும் எகிப்துக்கும் தூதரக உறவு அறுந்திருந்த 1957-இல், அவர் கெய்ரோவுக்கே சென்று எகிப்து அதிபர் நாசரைப் பேட்டி கண்டு, இஸ்ரேல் நிலைத்திருப்பதை ஏற்கிறீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். அரசுகள் பேசிக்கொள்ளாத வேளையில் ஒரு செய்தியாளர் இப்படிக் கேட்க முடிந்ததுதான் இதழியலுக்கு ஐடிஎன் தந்த கொடை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. தொலைக்காட்சி வைத்திருப்போர் செலுத்திய உரிமக் கட்டணத்தில் வாழ்ந்த பிபிசிக்கு வராத தொல்லையாக, செலவையும் செய்தி நேரத்தையும் குறைக்கும்படி ஐடிவி நிறுவனங்கள் நெருக்கியதால், கிராலி 1956 தொடக்கத்திலேயே பதவி விலகினார். அடுத்து வந்த ஜெஃப்ரி காக்ஸ்தான் ஐடிஎன்னை நிலைநிறுத்தினார்.

ஹோல் கடைப்பிடித்த சரிபார்ப்பை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் சரிபார்த்ததோடு அவர் நின்றுவிட்டார். 1958-இல் செய்திப் பிரிவு அவர் கையிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீனிடம் போனது. தேர்தலில் நின்று தோற்ற ராபின் டே, 1959-இல் பிபிசியின் நடப்பு விவகார நிகழ்ச்சியான பனோரமாவில் சேர்ந்தார்.