டகோமாவில் லிஃப்ட் இல்லாமல் 33 அங்குல டயர்: ஓடி ஓடித் தெரிந்தவை

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் பெரிய டயர் உரசாது என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதிதான் சரி. லிஃப்ட் கூட்டுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே. பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால், சஸ்பென்ஷன் அமுங்குவதை ஓர் எல்லையில் தடுக்கும் கட்டையான பம்ப் ஸ்டாப்பை மாற்றாதவரை, டயர் போய் முட்டும் இடம் லிஃப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். உரசலைத் தீர்மானிப்பவை டயரின் விட்டமும் அகலமும், வீலின் ஆஃப்செட்டும்தான் (வீல் ஹப்பில் பொருந்தும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது; எண் குறையக் குறைய டயர் வெளியே வரும்). மிச்சத்தை முன்டயருக்குப் பின்னால் கேபினைத் தாங்கும் பாடி மவுண்ட் பார்த்துக்கொள்ளும்.

இங்கே பேசுவது அமெரிக்கச் சந்தையின் மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமா பிக்கப் (2016–2023), வி6, ஆட்டோமேட்டிக், 17 அங்குல வீல். கம்பெனி டயர் 265/65-17 (அகலம் மி.மீ.-இல், பக்கச்சுவர் உயரம் அகலத்தின் சதவீதமாக, வீல் அங்குலத்தில்), விட்டம் 776 மி.மீ. ஒரு படி மேலே 265/70-17, அது 803 மி.மீ. இன்னும் ஒரு படி ஏறினால் 285/70-17, 831 மி.மீ. கடைக்காரர் இதை ‘33’ என்பார், உண்மையில் 32.7 அங்குலம். அச்சு உயர்வது விட்ட வித்தியாசத்தில் பாதிதான்: முதலாவதில் 13 மி.மீ., இரண்டாவதில் 27 மி.மீ.

265/70 பற்றிப் பேச அதிகமில்லை. கம்பெனி வீலிலேயே உட்காரும். மிஞ்சினால் மட்ஃப்ளாப்பிலோ சக்கரக்குழியின் பிளாஸ்டிக் லைனர் ஓரத்திலோ தொடும். திருகைக் கழற்றி நகர்த்தினால் முடிந்தது. வெட்டு, வெல்டிங் எதுவும் வேண்டாம் என்பவர் இதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

வேலை வைப்பது 285தான். பலர் தடுக்கி விழுவது வீலில். கம்பெனி வீலின் ஆஃப்செட் +30. டயர் வெளியே துருத்தினால் அழகு என்று 0 ஆஃப்செட் வாங்கினால் டயர் 30 மி.மீ. வெளியே போகும், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அது போடும் வட்டமும் பெரிதாகும். இடதுபக்கம் முழுக்க ஒடித்தால் இடது டயர் பின்னால் நகர்ந்து பாடி மவுண்டை இடிக்கும். வலது டயர் முன்னால் போய் பம்பர் மூலையையும் லைனரையும் சுரண்டும். வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் போட்டாலும் இதே கதைதான். +30-க்குப் பக்கத்திலேயே இருந்தால் வேலை பாதியாகக் குறையும். ஆனால் 285-இன் அகலத்தில் 10 மி.மீ. உள்பக்கமும் வருவதால், சஸ்பென்ஷனின் மேல் கன்ட்ரோல் ஆர்முக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்த பிறகே நட்டை முறுக்குங்கள். முறுக்கு அளவு வண்டியின் கையேட்டில் உள்ளபடி. 50 மைல் ஓடியபின் மறுபடி ஒருமுறை.

உரசலைச் சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முன் மட்ஃப்ளாப்பைக் கழற்றுங்கள். லைனரை ஹீட் கன்னால் இளக்கிப் பின்னே தள்ளித் திருகுங்கள். பம்பரின் கீழ்மூலை பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் சீவுங்கள். அடுத்து அலைன்மென்ட். கீழ் கன்ட்ரோல் ஆர்ம் கேம் போல்ட்டுகளில் திருத்திக்கொள்ள இருக்கும் இடத்தைப் பயன்படுத்தி காஸ்டரை (ஸ்டீயரிங் அச்சின் முன்-பின் சாய்வை) கூட்டச் சொன்னால் வீல் சற்று முன்னால் வரும், பாடி மவுண்டோடு இடைவெளி கூடும். அளவு தாண்டினால் முன்பக்கம் உரசும்.

அதற்குப் பிறகும் இடித்தால்தான் வெட்டு. முதலில் கேபின் அடியில் துருத்தும் பின்ச் வெல்ட் மடிப்பைச் சுத்தியலால் தட்டிப் படுக்கவைத்து, விரிசல் விட்ட சீலரை மறுபடி பூசிப் பெயின்ட் அடியுங்கள். பாடி மவுண்டில் முன்மூலையை ஒன்று, ஒன்றரை அங்குலம் அறுத்து, திறந்த வாயில் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டிங் தொடாதீர்கள். வெல்டிங்கை அப்புறம் பார்க்கலாம் என்று திறந்தே விட்டால், குளிரில் சாலைக்கு உப்பு கொட்டும் மாநிலங்களில் அந்தத் துளை துருவுக்கு அழைப்பிதழ். பிராக்கெட்டின் பலமும் குறையும்.

சோதனையைக் கடை வாசலில் நின்றபடி முடிக்காதீர்கள். முழு ஒடிப்பில் முன்னும் பின்னும் ஓட்டி, வேகத்தடையில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி, ஒடித்த நிலையில் பிரேக்கும் அடித்துப் பாருங்கள். லைனரில் பளபளவென்று தேய்ந்த இடமே சாட்சி.

இனி நாள்பட ஓடியபின் தெரிவது. விட்டம் 7 சதவீதம் கூடியதால், மீட்டர் 60 மைல் காட்டும்போது உண்மை வேகம் 64. ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணும். மைலேஜ் கணக்குப் போடுமுன் தூரத்தை 1.07-ஆல் பெருக்குங்கள். 17 என்று புலம்புகிறவருக்கு உண்மையில் 18-க்கு மேல் கிடைத்துக்கொண்டிருக்கும். இழப்பு இல்லை என்று சொல்லவில்லை. புலம்பும் அளவுக்கு இல்லை. 3.91 விகித டிஃபரன்ஷியல் 3.65 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் ஆறாவது கியரைப் பிடிக்க முடியாமல் ஐந்துக்கும் ஆறுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். கியரை மேலே மாற்றுவதைத் தாமதப்படுத்தும் இசிடி பவர் பொத்தானை அழுத்துவதோ, கியரை நாமே கட்டுப்படுத்தும் எஸ் மோடில் ஐந்தில் வைப்பதோ போதும். டிரெய்லர் இழுப்பவருக்கு மட்டும் டிஃபரன்ஷியல் கியர் செட்டை மாற்றும் எண்ணம் வரலாம்.

உயரத்தைவிட எடைதான் அதிகம் உறுத்தும். 10 பிளை எல்டி (பாரவண்டிக்கான கனத்த) டயர் 25 கிலோவைத் தாண்டும். கம்பெனி டயரைவிடச் சில கிலோ கூட. பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், சிறு குழியும் கேபினில் தட்டும். சரக்கு ஏற்றாதவருக்கு அதைவிடக் குறைந்த சுமைத் தரமான லோட் ரேஞ்ச் சி போதும். எல்டி டயருக்குக் கதவு ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தம் பொருந்தாது. டயர் கடையின் லோட் அட்டவணையில் தொடங்கி, டயர்முகத்தில் சாக்பீஸ் தடவி நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. 5,000 மைலுக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள்.

நான்கு டயர் வாங்கி ஸ்டெப்னியைப் பழையதாகவே விடுகிறவர்கள்தான் அதிகம். பின்னால் ஒன்று பெரிது, ஒன்று சிறிதானால் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடேறும். அந்த நிலையில் 4x4 போடவே கூடாது. பட்ஜெட்டில் ஐந்தாவது டயரையும் சேர்த்து எழுதுங்கள். அது பின்பக்கச் சரக்குப் பெட்டிக்கு அடியில் ஏறுகிறதா என்பதையும் கடையை விட்டுக் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.