அத்தோ கடையில் 2000 ரூபாய் நோட்டு

டொராண்டோவிலிருந்து புறப்பட்டபோது என் பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு 2000 ரூபாய் நோட்டு இருந்தது. 2019இல் ஊருக்கு வந்து திரும்பிய அன்று, அடுத்த முறை இறங்கியதும் ஆட்டோவுக்கு ஆகட்டும் என்று அம்மா கையில் திணித்து அனுப்பியது. அந்த அடுத்த முறை இந்தப் பொங்கலுக்குத்தான் வாய்த்தது.

நான்கு வாரம் ஊரில் இருந்தேன். அதில் பெரும்பகுதி நல்லபடியாகவே கழிந்ததால் அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. தண்டையார்பேட்டையில் ஏறினால் மண்ணடியில் இறக்கிவிடும் மெட்ரோ 2021 முதல் ஓடுகிறது என்பதும், அதில் ஏசி குளிருகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது, சென்னை செகண்ட் லைன் பீச் தெருவில் ஒரு அத்தோ கடையில் 130 ரூபாய் கொடுக்க முடியாமல் நின்ற ஒரு மாலைப் பொழுதைப் பற்றி.

1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த நம்மவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடுதான் அத்தோ. அவர்களுக்காக 1969இல் கடைகள் ஒதுக்கப்பட்ட பர்மா பஜாரில் இன்று கைப்பேசி உறைதான் தொங்குகிறது. பர்மா என்ற பெயருக்கு இன்னும் பொருள் சொல்லிக்கொண்டிருப்பவை பக்கத்துத் தெருவின் தள்ளுவண்டிகளே. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, சம்பள நாளில் இங்கிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். வீடு வந்து சேர்வதற்குள், அத்தோவில் நொறுக்கிப் போடும் மொறுமொறு பேஜோ நமுத்துப் போயிருக்கும். நமுத்த பேஜோதான் அசல் என்று கல்லூரிக்குப் போகும் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் பெரிய கிண்ணத்தில் காவி நிற நூடுல்ஸை அள்ளிப் போட்டு, அதன்மேல் முட்டைக்கோசையும் பச்சை வெங்காயத்தையும் தூவி, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் விட்டு, வறுத்த வெங்காயத்தை ஒரு பிடி போட்டு, பேஜோவை உள்ளங்கையில் நொறுக்கிச் சேர்த்து, ஐந்து விரலாலும் பிசைந்து தட்டில் தள்ளினார். கையுறை இல்லை. கனடாவில் இதைப் பார்த்திருந்தால் சுகாதாரத் துறைக்குப் போன் போட்டிருப்பேன்; இங்கே அந்தக் கை சற்று அதிகமாகப் பிசையட்டும் என்று காத்திருந்தேன். பிளந்த வயிற்றில் வறுத்த வெங்காயம் அடைத்த முட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டேன். வாழைத்தண்டு சூப்புக்குக் காசு கிடையாது. கிண்ணத்தை நீட்ட நீட்ட ஊற்றுகிறார்கள். ஒரு காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, 15 சதவீதமா, 18ஆ, 20ஆ என்று டிப்ஸ் கேட்கும் எந்திரத்தின் முன்னால் பத்து ஆண்டுகளாகக் குற்றவாளிபோல் நிற்பவனுக்கு, கேட்காமலே ஊற்றப்பட்ட மூன்றாவது கிண்ணம் தொண்டையில் சற்று அடைத்தது.

பிறகுதான் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

காலையில் காசிமேட்டில் வஞ்சிரத்துக்குக் கொடுத்ததில் கைக்காசு தீர்ந்திருந்தது என்பது சட்டைப் பையில் கை விட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து ஏடிஎம்மில் பணம் இல்லை. கனடா கார்டைக் காட்டியதும், கடையில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த பையன் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். வண்டியில் கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது. என்னைச் சுற்றி நின்ற லோடு ஆட்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அதன்மேல் கைப்பேசியைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். சுற்றிலும் "இன்னா", "இத்து", "அத்து" என்று நம் பேட்டைத் தமிழ் பொங்கிக்கொண்டிருக்க, ஓரத்தில் இருந்த சின்னப் பெட்டி மட்டும், ரூபாய் பெறப்பட்டது, ரூபாய் பெறப்பட்டது என்று செந்தமிழில் அறிவித்துக்கொண்டிருந்தது. என் பெயரில் மட்டும் எதுவும் பெறப்படவில்லை.

காரணம் இருக்கிறது. என் பழைய சிம், ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் செத்துப்போய்விட்டது. வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் அந்தச் செத்த எண்ணுக்கே போகிறது. கனடா உட்பட பத்து நாடுகளின் எண்ணை வைத்தே யூபிஐ பயன்படுத்தலாம் என்று 2023இல் அனுமதித்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்கு வைத்திருக்கும் என் வங்கிக் கிளைக்குப் போய் இதைச் சொன்னபோது, அங்கிருந்த பெண், "சார், நீங்க மெயில் போடுங்க" என்றார். எதிரில் உட்கார்ந்திருப்பவனை மெயில் போடச் சொல்லும் ஊராக நம் ஊர் எப்போது மாறியது?

வேறு வழியின்றிப் பாஸ்போர்ட் உறையைத் திறந்தேன். நோட்டைப் பார்த்ததும் கடைக்காரர் பிசைவதையே நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், இத்த எங்க வெச்சிருந்த இத்தினி நாளு?"

2023 மே மாதம் ரிசர்வ் வங்கி இதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்ததே தவிர, செல்லாது என்று சொல்லவில்லை, சட்டப்படி இது இன்னும் பணம்தான் என்று நான் வாதாடினேன். 130 ரூபாய் கடன்காரன் பேசும் பேச்சா அது?

"சட்டப்படி கரீட்டு சார். என் கல்லாப்படி செல்லாது," என்றார் அவர். "அதோ, ரிசர்வ் பேங்கு இருக்குதுல்ல, அங்க மாத்தித் தரான்."

அவர் கை காட்டிய ராஜாஜி சாலைக் கட்டடம் நடக்கிற தூரம்தான். இந்த நோட்டை மாற்றித் தர நாடு முழுவதும் ஒதுக்கிய 19 ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் ஒன்று, நான் கடன்பட்ட தள்ளுவண்டியிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது. ஆனால் மணி மாலை ஏழரை.

"நாளிக்கு வந்து குடு சார். எங்க போயிடப் போற?"

கனடாவுக்கு என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பெயரையோ எண்ணையோ அவர் கேட்கவில்லை.

மறுநாள் 500 ரூபாய் நோட்டோடு ஆறு மணிக்கே போய் நின்றேன். எல்லோரும் பெட்டிக்கே பணம் போடுவதால் கல்லாவில் சில்லறை இல்லை. 370 ரூபாய்க்கு எங்கே போவது என்று யோசித்தவர், தட்டை எடுத்து, "உக்காரு சார், துன்னே கழிச்சிடலாம்" என்றார். அக்காவுக்கும் மாமாவுக்கும் பார்சல் கட்டச் சொன்னேன். அத்தனையும் போக எனக்கு வர வேண்டிய 40 ரூபாய், வண்டியின் அடியிலிருந்த அட்டையில் "கண்ணாடி சார்" என்ற பெயரில் பென்சிலால் எழுதப்பட்டது. ஊரிலிருந்த மீதி நாட்களில் அந்தப் பக்கம் போக வாய்க்கவில்லை. 40 ரூபாய் அங்கேயே நிற்கிறது. 2000 ரூபாய் நோட்டும் உறைக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது. ரிசர்வ் வங்கிக்குப் போகலாம் என்று இரண்டு நாள் கிளம்பினேன். இரண்டு நாளும் அக்கா வைத்த மீன் குழம்பு விடவில்லை.

அக்கா வீட்டுக்குக் கொண்டுபோன பார்சலில் பேஜோ நமுத்திருந்தது.