கிருமிநாசினிப் பூட்டுப்பெட்டி: வாங்க முதல் தெரிய வேண்டியவை

தடித்த பிளாஸ்டிக் பெட்டி, கொண்டி, ஓர் ஆமைப்பூட்டு. வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டில் பூட்டி வைக்கிற சாமான் இவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளின் கையில் போத்தல் அகப்படாமல் தடுக்க நல்லது. பெரியவர்கள் விஷயத்தில் கணக்கு வேறு. அனுராதபுர மாவட்டத்தில் 2011 தொடக்கம் 2016 வரை 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இப்படிப் பெட்டி கொடுத்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். உயிரை மாய்க்க மருந்து குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை அதனால் குறைந்ததென்று காட்ட முடியவில்லை.

எங்களைக் கேட்டால், பிழை திறப்பில் இருக்கிறது. காலபோகத்தில் அடிக்கடி மருந்தடிப்பதால் பூட்டுவது அலுத்துப்போகும். திறப்பு ஆணியில் தொங்கும். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் நாட்கணக்காகத் திட்டமிட்டவர்கள் அல்ல. ஒரு சண்டை, ஒரு ஏச்சு, சிலநேரம் குடி. அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்திவிட்டால் மனம் ஆறும். பெட்டி வாங்கித் தர வேண்டியது அந்த நேரத்தைத்தான். ஆகவே திறப்பு மருந்தடிக்கிறவரிடமே இருக்கக் கூடாது. பக்கத்து வளவில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

வாங்கும்போது 4 லீற்றர் கானை நிமிர்த்தி வைத்து மூடி பூட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெரிய கான் வெளியில்தான் கிடக்கும். மாரியில் பூட்டு கறள் பிடித்து இறுகும். எண்ணெய் விடாவிட்டால் தை பிறக்க முதலே பூட்டாமல் விட்டுவிடுவார்கள். கிணற்றடியும் குசினியும் வேண்டாம். எல்லாவற்றையும்விட, அந்த முறை அடிக்கத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மிச்சம் இல்லாத வீட்டுக்குப் பெட்டியே தேவையில்லை.

இந்தப் பெட்டி தொடாத பக்கம் ஒன்று உண்டு. இளம் ஆட்களில் பலர் இப்போது வீட்டு மாத்திரைகளை விழுங்கித்தான் வருகிறார்கள். அம்மம்மாவின் கிளினிக் மாத்திரைகளுக்கும் பூட்டு வேண்டும், வேறு பெட்டியில்.

யாராவது எதையாவது குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள். ஆள் தெளிவாகக் கதைத்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். லேபலோடு போத்தலையும் கொண்டுபோனால் வைத்தியருக்கு நேரம் மிச்சம். ஏசாதீர்கள், தனியே விடாதீர்கள். மனம் தாங்காதபோது கதைக்க 1926, இரவு பகல் எந்நேரமும், தமிழில்.