கோரிடோரஸ் பிரீடிங்குக்கு எந்த அளவுத் தொட்டி? ஆறு வருட அனுபவம்

கோரிடோரஸ், சுருக்கமாகக் கோரி, தொட்டியின் அடித்தரையில் திரியும் சின்ன அலங்கார மீன். அதை வளர்க்கவும் பிரீடிங் செய்யவும், அதாவது முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கவும், ஆரம்பிக்கும் யாரும் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் தொட்டி வாங்கணும்?" என்பதைத்தான். 2019ல் நானும் இதே கேள்வியோடுதான் சென்னை கொளத்தூரில் இருக்கும் அலங்கார மீன் கடைகளுக்குப் போனேன். ஆறு வருடத்தில் நான்கு தொட்டிகள் பார்த்தாயிற்று. இப்போது யாராவது கேட்டால் தரைப்பரப்பு எவ்வளவு என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். தண்ணீரின் ஆழம் அதற்கு அடுத்தது. லிட்டர் கணக்கு மூன்றாவதாக வந்தால் போதும்.

முதலில் வாங்கியது ஓர் அடிக்கு ஓர் அடி, உயரம் ஒன்றரை அடி. 42 லிட்டர். "ஆறு கோரி தாராளமா இருக்கும்" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். நான் வாங்கிய இனம் வெண்கலக் கோரி. அது வளர்ந்தால் ஆறு, ஆறரை சென்டிமீட்டர் வரும். நாள் முழுக்க மணலில் மீசையை விட்டுத் துழாவிக்கொண்டு கூட்டமாக நகரும் மீன் அது. அதற்கு நான் கொடுத்தது ஒரே ஒரு சதுர அடி தரை. மேலே ஒன்றரை அடி தண்ணீர் இருந்து அதற்கு என்ன பயன்? இன்னொன்றையும் அப்போது நான் யோசிக்கவில்லை. கோரிகள் அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வரும். அந்தக் காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆழம் கூடக்கூட அந்தப் பயணமும் நீளும். ஒரு வருடம் ஓடியது. மீன்கள் சாகவில்லை, முட்டையும் இடவில்லை.

அதே 42 லிட்டரைப் படுக்க வைத்து, ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் என்று செய்திருந்தால் தரை ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும். கண்ணாடிச் செலவிலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. தொட்டி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது இரண்டு அடி தொட்டி, 24க்கு 12க்கு 12 அங்குலம், சுமார் 56 லிட்டர். முதல் முட்டை இதில்தான் கிடைத்தது. நான்கு ஆண், இரண்டு பெண். நவம்பர் மாதம், இரண்டு நாளாக விடாத மழை. இரவில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஆண்கள் பெண்ணை விடாமல் துரத்திக்கொண்டிருந்தன. ஓர் ஆண் குறுக்கே நிற்க, பெண் அதன் வயிற்றில் வாயை வைத்துக்கொண்டது. மேலிருந்து பார்க்க ஆங்கில டி எழுத்து மாதிரி. பெண் ஆணின் விந்தை விழுங்கி, அது குடல் வழியாக வெளியே வந்து முட்டைகளைச் சேர்கிறது என்று 1995லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சில நொடி அப்படியே அசையாமல் இருந்துவிட்டு, வயிற்றுத் துடுப்புகளைக் கூடை மாதிரிக் குவித்து, அதற்குள் இரண்டு மூன்று முட்டைகளோடு பெண் கிளம்பியது. கண்ணாடியில் ஓர் இடத்தை வாயால் தேய்த்தது. திருப்தியில்லை போல, இன்னோர் இடம் போய்த் தேய்த்தது. பிறகு வயிற்றைக் கண்ணாடியோடு அழுத்தி ஒட்டிவிட்டு நகர்ந்தது. அன்று நான் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போனேன்.

இரண்டு அடி தொட்டியில் முட்டை எடுக்க முடியும் என்பது தெரிந்தது. ஆனால் ஆறு பெரிய மீனுக்கு அது இறுக்கம். முட்டைக்கு நன்றாகத் தீனி போட வேண்டும், தீனி போட்டால் 56 லிட்டர் தண்ணீர் சீக்கிரம் கெடும். ஏப்ரல், மே வந்தால் அடுத்த தொல்லை. சென்னை வெயிலில் என் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். வெண்கலக் கோரிக்கு 22லிருந்து 26 வரை இருந்தால்தான் சுகம்.

அதனால் 2021ல் மூன்றுக்கு ஒன்றரை அடி, உயரம் ஓர் அடி மட்டும் என்று அளவு கொடுத்துச் செய்யச் சொன்னேன். "ஒரு அடி உயரத்துல யாரும் கேக்க மாட்டாங்க தம்பி, ஒன்றரையா போட்டுடவா?" என்றார் கண்ணாடி ஒட்டும் அண்ணன். வேண்டாம் என்று சொல்லி ஓர் அடிக்கே ஒட்டி வாங்கினேன். இன்றுவரை இதுதான் என் பிரீடிங் தொட்டி. நாலரை சதுர அடி தரை, விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 127 லிட்டர். பத்து பன்னிரண்டு கோரிகள் கூட்டமாகவே திரிகின்றன. நீர்ப்பரப்பு அகலம் என்பதால் மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தாலே ஆவியாதலில் இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது.

இந்த வடிவத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒன்று உண்டு. கோரிகளின் ஊரில் கோடையில் தண்ணீர் வற்றும், மழை வந்தால் குளிர்ந்த புதுத்தண்ணீர் ஏறும். அதுதான் முட்டையிடச் சொல்லும் அறிகுறி. அகலத் தொட்டியில் இதை அப்படியே செய்துகாட்டலாம். மூன்று வாரம் ஆறு அங்குலத் தண்ணீரிலேயே விட்டு, தீனியைக் குறைக்கிறேன். அப்போதும் 60 லிட்டருக்கு மேல் இருப்பதால் மீன்களுக்குச் சிரமமில்லை. பிறகு ஒரு வாரம் ஆர்டீமியா (இறால் மாதிரியான பொடி உயிரி), புழு என்று நன்றாகப் போட்டுவிட்டு, மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த தண்ணீரை மூன்று வாளி ஊற்றிப் பத்து அங்குலத்துக்கு ஏற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதனால் ஊற்றுவதற்கு ஆர்ஓ தண்ணீர், இல்லையென்றால் முதல் மழையை விட்டுவிட்டு அப்புறம் பிடித்த மழைத்தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் முட்டை. ஆழமான தொட்டியிலும் தண்ணீரை இறக்கலாம்தான். ஆனால் தரை சின்னதாக இருந்தால் மிஞ்சுவது பத்துப் பதினைந்து லிட்டர்தான், அதில் அத்தனை மீனை விட முடியாது.

இனி குஞ்சுகளுக்கான இடம். நான் அதிகம் இழந்தது இங்கேதான். முதல் ஈட்டில் 140 முட்டைகளை விரல் நுனியால் உருட்டி எடுத்து இரண்டு லிட்டர் டப்பாவில் போட்டேன். பூஞ்சை பிடிக்காமல் இருக்க மெத்திலீன் புளூ மருந்து இரண்டு சொட்டு, காற்றுக் குமிழி விட ஒரு ஏர் ஸ்டோன். நாலாம் நாள் நூற்றுக்கும் மேல் பொரிந்தன. மஞ்சள் கரு தீர்ந்ததும் மைக்ரோவார்ம் என்ற பொடிப் புழுவைக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை கூடுதலாகப் போட்டுவிட்டு வெளியே போய்வந்தேன். திரும்பி வந்தபோது தண்ணீர் மங்கி, குஞ்சுகள் அடியில் வெள்ளையாகக் கிடந்தன. 23தான் பிழைத்தன. அவ்வளவு சின்ன உயிர்களை ஸ்பூனால் அள்ளி எடுத்தது இன்னும் மனதில் இருக்கிறது. அடுத்த ஈட்டை நேரே இரண்டு அடி தொட்டியில் விட்டேன். அதுவும் சரிவரவில்லை. தீனி எங்கேயோ, குஞ்சு எங்கேயோ. பல குஞ்சுகள் வயிறு ஒட்டியே செத்தன.

குஞ்சு தீனியைத் தேடி அலையாத அளவுக்கு இடம் சின்னதாக இருக்க வேண்டும், தண்ணீர் கெடாத அளவுக்குக் கொள்ளளவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்க ஒரு வழி இருக்கிறது. பெரிய தொட்டியின் பக்கவாட்டில் ஒரு பிரீடிங் பாக்ஸைத் தொங்கவிட்டு, ஏர் பம்ப் மூலம் தொட்டித் தண்ணீர் அதற்குள் போய்த் திரும்பி வரும்படி வைத்துவிடுவது. குஞ்சு இருப்பது ஒன்றரை லிட்டரில், அதற்குக் கிடைப்பதோ நூறு லிட்டர் தண்ணீர். மிஞ்சிய தீனியை டிராப்பரால் தினமும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், அதில் சோம்பல் கூடாது. மூன்று வாரம் கழித்து பழைய இரண்டு அடி தொட்டிக்கு மாற்றுகிறேன். ஐந்து அங்குலத் தண்ணீர், வேறு தொட்டியில் ஏற்கெனவே ஓடி, நல்ல பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, மணல் மெல்லிய படலமாக. இப்படிச் செய்ய ஆரம்பித்தபின் ஓர் ஈட்டுக்கு அறுபது எழுபது குஞ்சுகள் தேறுகின்றன.

குள்ளக் கோரிகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். பிக்மி மூன்று சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. ஒன்றரை அடி தொட்டியில் ஜாவா மோஸ் என்ற நீர்ப்பாசி நிறையப் போட்டு பத்து மீன் விட்டேன், தானாகவே குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. பாண்டா கோரி சென்னை வெயிலுக்கு ஆகாது. எந்த அளவுத் தொட்டி வைத்தும் என்னால் அதை இரண்டாவது கோடையைத் தாண்டவைக்க முடியவில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தைரியமாக முயலலாம்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று அடி தொட்டி தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 160, 170 கிலோ வரும். சுவரை ஒட்டி, இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். மூடியும் அவசியம், கோரி குதிக்கும்.

இந்த வருடம் ஸ்டெர்பாய் கோரிக்கு மாறியிருக்கிறேன். சூட்டை மற்ற கோரிகளைவிட நன்றாகவே தாங்கும் இனம் இது. அதே மூன்றுக்கு ஒன்றரை தொட்டியில் எட்டு மீன்கள், அவற்றில் மூன்று பெண். இரண்டுக்கு வயிறு நன்றாக உருண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைதான் தண்ணீரை ஆறு அங்குலத்துக்கு இறக்கினேன்.