டெக்சாஸ்ல ஹெச்1பி-ல இருக்குறவங்க படிங்க: துப்பாக்கி கேஸ்ல லாயருக்கு 30,000 டாலர் குடுத்து ஏமாந்தோம்

என் தம்பி மேல வந்த துப்பாக்கி கேஸ் பத்தி எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சேன். தம்பிதான் "எழுதுக்கா, ஒருத்தராச்சும் தப்பிச்சா போதும்"னான். லாயர் பேரு போடல, அவர் மேல குடுத்த கம்ப்ளைன்ட் இன்னும் நடந்துட்டு இருக்கு.

முதல்ல சட்டம் என்னன்னு சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஆளுங்க பாதி பேருக்கு இது தெரியாது. ஹெச்1பி, எஃப்1, எல்1 இந்த மாதிரி தற்காலிக வேலை, படிப்பு விசால இருக்குறவங்க அமெரிக்கால துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாது. நாடு முழுசுக்கும் பொதுவான ஃபெடரல் சட்டம், செக்சன் 922(ஜி)(5). சொந்தமா வாங்கினாதான் தப்புன்னு இல்ல, ஃப்ரெண்டோட துப்பாக்கி நம்ம கார் டிக்கில இருந்தாலும் கேஸ் போடலாம், ஷூட்டிங் ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடுறதும் இதுல வரும். டெக்சாஸ்ல எல்லார் வீட்லயும் இருக்கேன்னு நினைப்போம், ஆனா ஸ்டேட் சட்டம் வேற ஃபெடரல் சட்டம் வேற. முன்னாடி அதிகபட்சம் 10 வருஷம்னு இருந்த தண்டனைய 2022 ஜூன்ல 15 வருஷம்னு ஏத்திட்டாங்க. இதுக்கு சில விதிவிலக்கும் இருக்கு. அதுல ஒண்ணு, செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸ் (வேட்டைக்கான லைசென்ஸ்) கையில இருந்தா இந்தத் தடை கிடையாது. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, எங்க கதை மொத்தமும் இதுலதான் நிக்குது.

தம்பி டல்லாஸ் பக்கத்துல ஃப்ரிஸ்கோல இருந்தான், ஹெச்1பி. நவம்பர்ல ஆபீஸ் ஃப்ரெண்டுங்களோட மான் வேட்டைக்குப் போயிட்டு ராத்திரி திரும்பி வர்றப்போ ஸ்பீடிங்னு போலீஸ் நிறுத்தியிருக்காங்க, டிக்கில ஃப்ரெண்டோட ரைஃபிள் இருந்துச்சு. அன்னைக்கு டிரைவிங் லைசென்ஸ் மட்டும் பாத்துட்டு விட்டுட்டாங்க. மூணு வாரம் கழிச்சு துப்பாக்கி கேஸ் விசாரிக்கிற ஃபெடரல் ஏஜென்சி ஏடிஎஃப்ல இருந்து ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து சும்மா பேசணும்னு கேட்டிருக்காங்க, இவனும் மரியாதையா உள்ள கூப்பிட்டு ஆமா சார் நான் ஹெச்1பி, ஆமா அந்த ரைஃபிள்ல சுட்டேன்னு எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டான். லாயர் இல்லாம ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாது. 2019ல ரெஹைஃப்னு ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, அதுவும் ஃப்ளோரிடால ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போன வெளிநாட்டு ஸ்டூடன்ட் கேஸ்தான், துப்பாக்கி வெச்சிருந்தான்னு மட்டும் காட்டினா போதாது, தன்னோட விசா நிலைமை அவனுக்குத் தெரியும்னும் கவர்மென்ட் நிரூபிக்கணும்னு. அந்த வேலைய இவனே அவங்களுக்கு முடிச்சுக் குடுத்துட்டான்.

பிப்ரவரில கிராண்ட் ஜூரி இன்டைக்ட்மென்ட், அதாவது முறையான குற்றச்சாட்டு, வந்துச்சு. முதல் நாள் மேஜிஸ்ட்ரேட் ஜட்ஜ் முன்னாடி நின்னப்போ ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர், அதாவது கோர்ட் இலவசமா போட்டுக் குடுக்குற வக்கீல், ஒரு அம்மா கூட நின்னாங்க, ஜாமீன் வாங்கிக் குடுத்தாங்க, பாஸ்போர்ட்ட ஒப்படைக்கச் சொன்னாங்க, வெளிய வந்ததும் கார்டு குடுத்து நாளைக்கு ஆபீசுக்கு வாங்க விவரமா பேசணும்னாங்க. நாங்க போகல. இலவச வக்கீல்னா ஏனோதானோன்னு பாப்பாங்கன்னு ஊர்ல கேட்டுக் கேட்டு வளந்தோம்ல, அந்த நினைப்பு. தஞ்சாவூர்ல இருந்து அம்மா வேற அழுதுட்டே "நகைய வித்தாவது நல்ல வக்கீலா பாருடி"ன்னாங்க.

வாட்ஸ்ஆப் குரூப்ல ஒருத்தர் சொன்ன லாயர்கிட்ட போனோம். பெரிய ஆபீஸ், சுவர் பூரா அவார்டு. மொத்த கேஸுக்கும் சேத்து 30,000 டாலர் ஃப்ளாட் ஃபீ, திருப்பித் தர மாட்டோம்னு அக்ரிமென்ட்லயே எழுதியிருந்துச்சு. ஜெயிலே கிடையாது, வெளிய கண்காணிப்புல மட்டும் இருக்குற ப்ரொபேஷன் வாங்கித் தர்றேன்னு அவர் அடிச்சு சொன்னாரு. (ஃபெடரல் கோர்ட்ல தண்டனைய முடிவு பண்றது ஜட்ஜ். யாராவது இப்படி கேரண்டி குடுத்தா அப்பவே எந்திரிச்சு வந்துடுங்க.) அவர் கவுன்ட்டி கோர்ட்ல டிடபிள்யூஐ (குடிச்சுட்டு வண்டி ஓட்டுற) கேஸ், அடிதடி கேஸ் பாக்குறவர், ஃபெடரல் துப்பாக்கி கேஸ் எத்தனை நடத்தியிருக்கார்னு நாங்க கேக்கவே இல்ல. அப்புறம் பேசர்னு ஃபெடரல் கோர்ட் வெப்சைட்ல கொஞ்ச காசு கட்டித் தேடினா இந்தக் கோர்ட்ல அவர் பேர்ல ரெண்டே ரெண்டு கேஸ், ரெண்டும் பாதிலேயே வேற லாயர் கைக்குப் போனது.

அதுக்கப்புறம் நாலு மாசம் போன எடுக்க மாட்டாரு, கோர்ட்டுக்கு அவர் வராம ஜூனியர் பையன் வருவான், அவனுக்கு தம்பி பேரே சரியா வராது. தம்பிகிட்ட அவர் உக்காந்து பேசினது மொத்தம் முக்கா மணி நேரம் இருந்தா ஜாஸ்தி. ஜூன்ல திடீர்னு ப்ளீ அக்ரிமென்ட் (குத்தத்த ஒத்துக்குற ஒப்பந்தம்) வந்துச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும்னு. நான் வரி வரியா படிச்சேன். நடுவுல ஒரு பாராவுல, குத்தத்த ஒத்துக்கிட்டா இமிகிரேஷன் பாதிப்பு வரும், நாட்டை விட்டு வெளியேத்துறதும் அதுல அடக்கம்னு இருந்துச்சு. இது என்னன்னு கேட்டா "எல்லா அக்ரிமென்ட்லயும் இருக்குறதுதான், நான் இமிகிரேஷன் லாயர் இல்ல"ன்னாரு. எனக்கு இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது. 2010லயே பாடியா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, ப்ளீ குடுக்குறதுக்கு முன்னாடி நாடு கடத்துற ஆபத்த எடுத்துச் சொல்றது கிரிமினல் லாயரோட கடமைன்னு. இந்த செக்‌ஷன்ல குத்தம்னு ஆயிட்டா இமிகிரேஷன் சட்டத்துல அது அக்ரவேட்டட் ஃபெலனிங்கற ரொம்பக் கடுமையான குத்தம், திரும்பி இந்த நாட்டுக்குள்ள வர்றதே கிட்டத்தட்ட முடியாத காரியம். அதத்தான் வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடச் சொன்னாரு.

அதுக்குள்ள தம்பிக்கு வேலையும் போயிருந்துச்சு. ஹெச்1பில வேலை போனா வேற வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ 60 நாள்தான், ஆனா பாஸ்போர்ட் கோர்ட்கிட்ட இருக்கு, ஊருக்கும் போக முடியாது, இங்க வேலையும் பாக்க முடியாது. கையில காசு இல்ல. கடைசில அந்த முதல் நாள் கார்ட எடுத்து கூப்பிட்டோம், வருமான விவரம் எழுதிக் குடுத்ததும் ஜட்ஜ் அதே பப்ளிக் டிஃபெண்டர் அம்மாவையே போட்டாங்க.

அவங்க பேச ஆரம்பிச்சு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, "வேட்டைக்குதானே போனீங்க, ஹண்டிங் லைசென்ஸ் இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. தம்பி அப்படியே முழிக்கிறான். இருந்துச்சு! செப்டம்பர்லயே வாங்கினது. வீட்டுக்கு ஓடிப்போய் அலமாரில தொங்குன ஆரஞ்சு ஜாக்கெட்ல கை விட்டா, உள்பாக்கெட்ல நாலா மடிச்சு அந்த நீளப் பேப்பர், மானுக்கு கட்டுற டேக் எல்லாம் கிழிக்காம அப்படியே. டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31 வரைக்கும் செல்லும், அவன் பிடிபட்டது நவம்பர். அந்த அம்மா அத வாங்கி தேதிய மட்டும் ரெண்டு தடவை பாத்தாங்க, லைசென்ஸ் குடுக்குற டிபார்ட்மென்ட் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப்ல இருந்து ரெக்கார்டும் எடுத்து ப்ராசிக்யூட்டர்கிட்ட (கவர்மென்ட் வக்கீல்) குடுத்தாங்க. ஆறு வாரத்துல கவர்மென்ட்டே கேஸ தள்ளுபடி பண்ணச் சொல்லி மனு போட்டுச்சு, ஜட்ஜ் கையெழுத்துப் போட்டுட்டாரு.

முப்பதாயிரம் வாங்கினவர் கேக்காத ஒரு கேள்விங்க அது. ஏடிஎஃப் ஆளுங்களும் கேக்கல, இவனுக்கும் அந்தப் பேப்பருக்கு இவ்ளோ மதிப்புன்னு தெரியல, ஆனா அது தெரிஞ்சிருக்க வேண்டியது யாரு? ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர்னா ஃபெடரல் கிரிமினல் கேஸ மட்டுமே தினமும் பாக்குறவங்கன்னு இப்பதான் எங்களுக்குப் புரியுது. பிரைவேட்டா வெச்சாலும் பரவால்ல, ஆனா முன்னாடி ஃபெடரல் டிஃபெண்டராவோ ப்ராசிக்யூட்டராவோ இருந்தவரான்னு கேளுங்க, இமிகிரேஷன் லாயரோட சேந்து பாப்பாரான்னு கேளுங்க, பேசர்ல அவர் பேரப் போட்டுப் பாருங்க.

பணத்துக்கு வருவோம். நான்-ரிஃபண்டபிள்னு எழுதியிருந்தாலும் செய்யாத வேலைக்கு வாங்கின ஃபீய திருப்பிக் குடுத்துதான் ஆகணும்னு அந்த அம்மாதான் சொன்னாங்க, கேஸ் ஃபைல கேட்டாலும் குடுத்தாகணுமாம். கேட்டோம். நாலு மாச வேலைன்னு வந்த ஃபைல்ல 11 பக்கம், அதுல 4 பக்கம் எங்க ஃபீ அக்ரிமென்ட். லாயருங்கள கண்காணிக்கிற டெக்சாஸ் ஸ்டேட் பார்ல கம்ப்ளைன்ட் போட்டிருக்கோம், அந்த 11 பக்கத்தையும் சேத்தே அனுப்பினோம்.

பாஸ்போர்ட் திரும்பி வர்றதுக்குள்ள 60 நாள் எப்பவோ தாண்டிருச்சு. போன மாசம் தம்பி சென்னைக்குக் கிளம்பிட்டான். யாருக்காச்சும் இதே மாதிரி கேஸ் இருந்தா, ப்ளீல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் பரவால்ல.